பெருநாள் மன்னிப்பு

என்னிடம் ஓதியவர்கள் இப்போதும் சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில் என்னைக் கண்டால் நின்று, கையைப் பிடித்து முத்தமிடுகிறார்கள். நான் கையை இழுத்துக்கொள்கிறேன். அதைப் பணிவு என்று நினைக்கிறார்கள். பணிவு இல்லை. உண்மைக் காரணத்தைத்தான் எழுதப் போகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் காலையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். மாலையில், தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தேன். எழுத்துக்கூட்டி ஓத வைப்பது பாதி வேலை, குணத்தை அமைப்பது மறுபாதி என்பது என் கொள்கை. பெற்றோர் பிள்ளையை நம்பி நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கிறார்கள், அமானிதத்தைப் பற்றி அல்லாஹ் நம்மிடம் கேட்பான் என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். நன்றாகவே பேசுவேன்.

வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அதே தெருவில் மசாலாத்தூள் அரைக்கும் மில் வைத்திருந்தவரின் மகள். பகலில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போவாள். ஒருநாள் பாடம் முடிந்த பிறகு கேட்டாள்.

"உஸ்தாத், பொம்பளைங்க ஓதிக் குடுக்கலாமா?"

நபியவர்களின் துணைவியாரிடமே தோழர்கள் வந்து பாடம் கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"அப்ப நான் டீச்சராதான் ஆவேன்."

"வாய் பாத்தியா இவளுக்கு" என்று பையன்கள் சிரித்தார்கள். "நீ டீச்சர் ஆனா நாங்க எல்லாரும் ஃபெயிலு லா."

அவளும் சிரித்தாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

நோன்பு மாதத்தில் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். வகுப்பு தொடங்கியதும், "இன்று யாரெல்லாம் நோன்பு?" என்று கேட்பேன். கை தூக்காதவன் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேலி செய்வார்கள். நான் தடுக்கமாட்டேன். வெட்கம் ஈமானின், இறைநம்பிக்கையின் ஒரு பகுதி, வெட்கப்பட்டால் திருந்துவான் என்று விளக்கம் வைத்திருந்தேன்.

அந்த ஆண்டு நோன்பில் எனக்கு வயிற்றுவலி வந்தது. ஒருநாள் நோன்பை விட்டேன். அதில் குற்றமில்லை, நோயாளிக்குச் சலுகை உண்டு. வலி நின்ற பிறகும் விட்டேன் என்பதுதான் குற்றம். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறிக் காத்தோங்குக்குப் போவேன். அங்கே பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சைவச் சாப்பாட்டுக்கடை இருந்தது. எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. தோசையும் காப்பியும் முடித்து, வாய் கொப்பளித்து, தேக்காவுக்குத் திரும்பி வந்து பிள்ளைகளிடம் யாரெல்லாம் நோன்பு என்று கேட்பேன்.

ஒரு பிற்பகல் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மிளகாய்த்தூள் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அவள் அந்தக் கடைக்குள் வந்தாள். அவள் அத்தா கடைகளுக்குச் சரக்குப் போட வேனில் போவார் என்பது தெரியும். காத்தோங்வரை போவார் என்று தெரியாது. கல்லாவில் பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்தாள். என் வாயில் தோசை இருந்தது. அவள் ஸலாம் சொல்லவில்லை. சட்டென்று பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, என்னைக் காணாதவள்போல வெளியே போனாள். "உள்ள கூட்டமா?" என்று வேனிலிருந்து அவள் அத்தா கேட்டது காதில் விழுந்தது. "இல்லத்தா, போலாம்" என்றாள்.

அன்று மாலை நான் நோன்பு யாருக்கு என்று கேட்கவில்லை. ஒரு பையன் விடவில்லை.

"உஸ்தாத், இன்னிக்கு நோன்பு கேக்க மறந்துட்டீங்க. இவன் ஸ்கூல் கேண்டீன்ல ஐஸ் வாட்டர் குடிச்சான், நான் பாத்தேன்."

"பொய்யி. வாய்தான் கொப்பளிச்சேன்."

"வயித்துக்குள்ளயா கொப்பளிச்ச?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் தலையைத் தூக்காமல் விரலை வரியில் வைத்து ஓதிக்கொண்டிருந்தாள். அதற்கு முந்திய வாரம்தான் நான் பாடம் நடத்தியிருந்தேன்: அடுத்தவரின் குறையைக் கண்டால் மூடிவிடுங்கள், மறுமையில் உங்கள் குறையை அல்லாஹ் மூடுவான். அந்த வகுப்பில் அதை எடுத்துக்கொண்டது அவள் ஒருத்திதான்.

எனக்கு அது அப்போது தோன்றவில்லை. யாரிடம் எப்போது சொல்வாள் என்ற பயம் மட்டுமே இருந்தது. நோன்பு திறக்க என்று அவள் அம்மா தினமும் எனக்குக் கஞ்சி கொடுத்தனுப்புவார். மறுநாளும் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "அம்மா குடுத்தாங்க உஸ்தாத்." வழக்கமான குரல், வழக்கமான மரியாதை. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்போல. அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. அவள் என் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

அதற்கு வழி தானாக வந்தது. பெருநாள் கழிந்து அவள் அத்தா என்னைத் தேடி மாடிக்கு வந்தார்.

"பொண்ணு பெரியவளாகுற நேரம் உஸ்தாத். ஓதுனதும் போதும், ஸ்கூலும் போதும், வீட்டுல வைன்னு எங்க அண்ணன் சொல்றாரு. அவ அம்மாவுக்கு மனசில்ல. நான் என்ன சொன்னேன்னா, உஸ்தாத் என்ன சொல்றாங்களோ அதான். நீங்க படிக்கட்டும்னா அண்ணன் வாயத் தொறக்கமாட்டாரு."

கல்வி தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்பதை நான் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தவன். அந்த ஒரு வரி போதும், அவள் படிப்பு தொடர்ந்திருக்கும்.

"நிறுத்திடுங்க" என்றேன். "பொம்பளப் புள்ளைக்கு ஹயாதான், வெட்கந்தான் பெரிய படிப்பு. காலம் கெட்டுக் கெடக்கு."

அவர் உடனே எழவில்லை. தொப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி வைத்துக்கொண்டார்.

"நீங்க படிக்கட்டும்னு சொல்வீங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன்" என்றார். "சரி உஸ்தாத். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் வகுப்பிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒரே வாரத்தில் நின்றாள். மார்க்கத்தைப் பேசி ஒரு பிள்ளையின் வழியை அடைத்தேன். மார்க்கம் அதைச் சொல்லவில்லை. என் பயம் சொன்னது.

இங்கே பெருநாளில் மலாய்க்காரர்களைப் பார்த்து நாங்களும் "மாஃப் ஸாஹிர் பாத்தின்" என்று சொல்லிக்கொள்வோம். வெளியே செய்ததையும் உள்ளே நினைத்ததையும் மன்னியுங்கள் என்று பொருள். எல்லோரும் எல்லோரிடமும் சொல்வது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெருநாள் அன்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, இடுப்பில் கைக்குழந்தை. அவளைப் பார்த்து அந்த வாசகத்தைச் சொன்னேன். "அப்படியே உஸ்தாத், நீங்களும் எங்கள மன்னிச்சுக்குங்க" என்றாள். அதையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டு பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பாரம் குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். அடுத்தடுத்த பெருநாள்களிலும் போய்ச் சொன்னேன்.

அறுபதுகளின் முடிவில் அவள் தன் மகளை என்னிடம் ஓத அனுப்பினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெருநாளுக்கு முன்பு ஒரு மாலை, மகளை அழைத்துப்போக வந்து வாசலில் நின்றாள். உள்ளே நான் மன்னிப்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதர் மன்னிக்காதவரை அல்லாஹ்விடம் கேட்டுப் பயனில்லை என்றேன். பின்வரிசையில் ஒருவன் எழுந்தான்.

"உஸ்தாத், இவன் என் ரப்பரை எடுத்து ஒளிச்சு வெச்சுக்கிட்டு மாஃப் ஸாஹிர் பாத்தின்னு மட்டும் சொல்றான். எடுத்தேன்னு சொல்லமாட்றான். செல்லுமா?"

"செல்லாது" என்றேன். வாசலில் நின்றவள் என்னைப் பார்த்தாள். காத்தோங்கில் திருப்பிக்கொண்ட பார்வையை இம்முறை திருப்பவில்லை.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவளை நிற்கச் சொன்னேன். மகள் படிக்கட்டில் இறங்கி நின்றாள். தோசைக்கடையையும், அவள் அத்தா வந்ததையும், நான் சொன்ன பதிலையும், அப்படிச் சொன்னதன் காரணத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"அத்தா வந்து சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும் உஸ்தாத்" என்றாள். "கடையில பாத்ததை இன்னிக்குவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருக்கவும் மாட்டேன். நீங்கதானே அப்படிச் சொல்லிக் குடுத்தீங்க. அது மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையேன்னுதான் அழுதேன்."

படிக்கட்டில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெருநாளைக்குக் கேட்டதுக்கெல்லாம் அப்பப்பவே மன்னிப்பு குடுத்துட்டேன். இது வேற. படிப்பு உஸ்தாத். யோசிச்சுச் சொல்றேன்."

கீழே இறங்கி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். மறுநாளும் அனுப்பினாள். அந்தப் பிள்ளை வளர்ந்தபோது, இனிப் படிக்க வேண்டுமா என்று தாயின் மாமனார் என்னிடம் கேட்க வந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் படிக்க வேண்டும் என்றேன். அதனால் பழைய கணக்கு தீர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. அது தாயிடம் இருக்கிறது. அவள் இன்னும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. அவசரப்படுத்தும் உரிமை எனக்கு இல்லை.