மீன் கூடையில் போன பன்னீர்ச் செம்பு

பன்னீரும் மீனும் ஒரே பாத்திரத்தில் மணந்தால் எப்படியிருக்கும் என்று அறிந்தவர்கள் உலகத்தில் அதிகம் இருக்க முடியாது. நான் அறிவேன். மேலே ரோசாவின் இனிப்பு, நடுவில் பித்தளையின் புளிப்பு, அடியில் சன்னமாகப் பாரை மீன். ஒவ்வொரு வருடமும் அமெரிக்காவில் சினிமாக்காரர்களுக்குப் பொன் பொம்மை கொடுக்கும் அந்தப் பெரிய விழா நமக்குத் திங்கட்கிழமைக் காலையாக விடியும்போது, அந்த வாசனை எங்கிருந்தோ கிளம்பி வந்து என் மூக்கில் உட்கார்ந்துகொள்கிறது. பதினொரு வயதில் ஏறிய வாசனை, ஐம்பது தாண்டிய பிறகும் இறங்கவில்லை.

வாப்பா கல்முனைச் சந்தையில் வாங்கி வந்த சீனியைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில்தான் அந்த விழாவை நான் முதலில் கண்டேன். ஒரு பெண் பொம்மையை நெஞ்சோடு அணைத்து அழுதுகொண்டிருந்தாள். அதே பரிசுக்குப் போட்டியிட்டுத் தோற்ற நான்கு பேர் அவளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அழுதவளை விட்டுவிடுங்கள், தோற்றுப்போனவர்கள் கைதட்டியதுதான் என்னை அசத்தியது. எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், மாபிள் உருட்டி விளையாடித் தோற்றவன் முதலில் மாபிளைக் கிணற்றில் எறிவான், பிறகு வென்றவனின் பரம்பரையை இழுப்பான். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று, சீனி ஒட்டிய அந்தத் தாளை நக்கியபடியே நான் வியந்தேன்.

ஏப்ரல் விடுமுறையில் எங்கள் ஒழுங்கையிலும் ஒரு விழா எடுப்பது என்று நானும் என் கூட்டாளி ரபீக்கும் முடிவு செய்தோம். சிறந்த நடிகைக்கு ஒரு பரிசு. பத்திரிகைகளில் வெட்டிய நான்கு கதாநாயகிகளின் படங்களைப் பட்டியலில் சேர்த்தோம். ஐந்தாவது பெயர், எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் பாக்கியக்கா.

பாக்கியக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரையோரம் தமிழ் ஆட்களின் குடியிருப்பிலிருந்து கூடையைச் சுமந்து காலை ஒன்பது மணிக்கு வருவா. கையில் நாலு காசு தங்கும் நாளெல்லாம் கல்முனைத் தியேட்டரில் மாலைக் காட்சி பார்த்துவிடுவா. எங்கள் ஒழுங்கைப் பெண்கள் தியேட்டர்ப் பக்கம் போகாதவர்கள். எனவே மறுநாள் காலை ரபீக் வீட்டுக் "கடப்படி"யில், அதாவது வேலிப் படலை வாசலில், மீன் வெட்டிக்கொண்டே முழுப் படத்தையும் பாக்கியக்கா நடித்துக் காட்டுவா. கதாநாயகியும் அவதான், மாமியாரும் அவதான், மழையும் அவதான். கூடையில் மீன் மிச்சமிருந்தால் மட்டும் கதை நகராது. கதாநாயகி கிணற்று விளிம்பில் ஒரு காலைத் தூக்கியபடி நிற்பாள். "இடைவேளை" என்று சொல்லிவிட்டுப் பாக்கியக்கா கத்தியைத் துடைப்பா. யாராவது கடைசிப் பாரைக் குட்டியை வாங்கினால்தான் அந்தப் பெண் காப்பாற்றப்படுவாள். மீனே தின்னாத பக்கத்து வீட்டு மாமிகூட ஒருமுறை மனம் பொறுக்காமல் பாரை வாங்கியிருக்கிறா.

வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் வாக்குக் கேட்டோம். கதாநாயகிகள் நால்வருக்கும் சேர்த்து ஒரு வாக்கு விழுந்தது. அதுவும் ரபீக்கினுடையது.

சிக்கல் பரிசுப் பொருளில் வந்தது. பொன் மனிதன் என்றால் சிலை. சிலையை எங்கள் வீட்டுக்குள் கொண்டு போனால் வாப்பா என்னைச் சிலையாக்கிவிடுவார்.

"தலையில்லாட்டிச் சிலை இல்லடா. பள்ளிவாசல் லெவ்வை சொன்னாரு," என்றான் ரபீக்.

"தலையில்லாத ஆளக் குடுத்தா பாக்கியக்கா மீனெண்டு நெனச்சி வெட்டிருவா," என்றேன்.

அப்போதுதான் அலுமாரிக்குள் இருந்த பன்னீர்ச் செம்பு ஞாபகம் வந்தது. உம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பித்தளைச் செம்பு. ஒடுங்கிய இடுப்பு, நீண்ட கழுத்து, உச்சியில் துளைகள் இட்ட சின்ன மூடி. தூரத்தில் பார்த்தால் பொன் மனிதன் மாதிரியே இருக்கும், ஆனால் மார்க்கத்துக்கு விரோதமில்லை. கொடுப்பது, கைதட்டுவது, பிறகு வாங்கிக் கொண்டுபோய் அலுமாரியில் வைப்பது. இதுதான் திட்டம். இந்தத் திட்டத்தைப் பரிசு பெறுபவரிடமும் சொல்ல வேண்டும் என்பது மட்டும் என் மூளைக்கு எட்டவில்லை.

ஒரு நாள் காலை கடப்படியில் விழா நடந்தது. கடுதாசிக் கதாநாயகிகள் கொடியில் தொங்கினார்கள். அவர்களால் கைதட்ட முடியாததால் அவர்களுக்காக நாங்கள் நான்கு பையன்கள் தட்டினோம். உறையைத் திறந்து பெயரை வாசித்தபோது என் குரல் ஆட்டுக்குட்டிக் குரலாக வந்தது. பாக்கியக்கா கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து, பிறகுதான் செம்பை வாங்கினா.

"நானென்னத்தக் கதைக்க," என்று தொடங்கினா. "தனியப் படம் பாத்தா நான் நித்திரையாப் போயிருவன். நாளைக்கு இந்தப் புள்ளையளுக்குச் சொல்லணுமே எண்டுதான் கண்ணத் திறந்து வெச்சிட்டு இருக்கிற. நீங்க கேக்காட்டி எனக்கேது படம்?"

பெண்கள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். பாக்கியக்கா செம்பைக் கூடையில், மிச்சமிருந்த இரண்டு பாரைகளுக்கு நடுவே படுக்க வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. நான் கைதட்டிக்கொண்டே நின்றேன். கை நின்ற பிறகுதான் உயிர் போயிற்று, ஏனென்றால் அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு என் ராத்தாவை, மூத்த சகோதரியை, பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருகிறார்கள். வருபவர்களுக்கு வாசலில் பன்னீர் தெளிக்க வேண்டும்.

வீட்டுக்குள் உம்மா ராத்தாவிடம் சாவி கேட்கும் குரல்: "அலுமாரித் திறப்ப எங்கடி வெச்ச?"

ரபீக்கின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் பறந்தேன். வழியில் சங்கிலி இரண்டு தடவை கழன்றது. ஓதத் தெரிந்த எல்லா ஓதலையும் ஓதினேன், பதற்றத்தில் ஏழாம் வாய்ப்பாட்டையும் இடையில் ஓதிவிட்டேன். போய்ப் பார்த்தால், பாக்கியக்கா செம்பைப் புளி போட்டு மினுக்கி, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்து, கழுத்தில் ஒரு செவ்வரத்தம் பூவும் செருகியிருந்தா. சிலை வேண்டாம் என்று நான் பட்ட பாடெல்லாம் அங்கே போய் முடிந்திருந்தது. முற்றத்தில் அயல் பெண்கள் சுற்றியிருக்க, எங்கள் விழாவையே படமாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தா. என் ஆட்டுக்குட்டிக் குரல் அச்சொட்டாக இருந்தது.

"இன்னா, தலைவரே வந்திட்டார்," என்றா என்னைக் கண்டு.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில் 'அதைத் திருப்பித் தாங்க' என்று எப்படிச் சொல்வது? பத்திரிகையில் படித்த ஒன்று நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ வாயில் வந்தது. "அக்கா, அமெரிக்காவில பரிசு குடுத்த பிறகுதான் அதுல பேர் வெட்டுறவங்களாம். பேர் வெட்ட மறந்துட்டன். நாளைக்குக் கொண்டு தாறன்."

பாக்கியக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தா. பூவை எடுத்துவிட்டுச் செம்பை என் கையில் தந்தா. "பாக்கியலெட்சுமி எண்டு முழுசா வெட்டுங்க மகன்."

அஸருக்குப் பன்னீர் தெளிக்கப்பட்டது. மாப்பிள்ளையின் உம்மா மூக்கைச் சுருக்கி, "பன்னீர் நல்லாத்தான் இரிக்கி... எங்கயோ மீன் பொரிக்கிற போல," என்றார். ஆனாலும் ராத்தாவைப் பிடித்துப்போயிற்று. அவர்கள் போனதும் உம்மா செம்பைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. உம்மா கேட்பதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இரண்டு அடி விழுந்தது. எடுத்துக் கொடுத்ததற்கு என்று நினைத்தேன்.

"குடுத்த சாமானப் பொய் செல்லித் திரும்ப வாங்கிட்டு வந்தியா? ஒழுங்கையே கைதட்டிக் குடுத்ததுடா. நானுந்தான் அவக்கு வாக்குப் போட்டன். இரி, பேர வெட்டு."

உம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கணிதப் பெட்டிக் கவராயத்தின் ஊசியால் அவவின் கல்யாணச் செம்பில் நான் பாக்கியலெட்சுமி என்று கீறினேன். 'லெ' மட்டும் சரிந்து விழுந்த கொம்போடு நின்றது. மறுநாள் ஒன்பது மணிக்குக் கடப்படியில், பன்னீர் நிரப்பி, உம்மாவே கையில் கொடுத்தா. எங்கள் விழாவில் பரிசு இரண்டு முறை வழங்கப்பட்டது; அமெரிக்காவுக்கே இல்லாத பெருமை.

இப்போது தியேட்டர் இருந்த இடத்தில் சீமெந்தும் தகரமும் விற்கிறார்கள். மீன் மோட்டார் சைக்கிளில் வருகிறது, கதை வருவதில்லை. வரவேற்பில் பிளாஸ்டிக் போத்தலால் பன்னீர் விசிறுகிறார்கள். சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையில் பாக்கியக்காவின் வீடு போனது, செம்பும் போனது. பாக்கியக்கா மட்டும் மீன் கொடுக்க எங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்ததால் மிஞ்சினா. கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுத்த வீட்டில் இருக்கிறா. கண் மங்கல்.

இந்த வருட விழா நடந்த திங்கட்கிழமை, பொம்மையை அணைத்து அழும் நடிகையை என் தொலைபேசியில் அவவிடம் காட்டப் போனேன். தைரியம் வந்து, அன்றைய பொய்யையும் ஒப்புக்கொண்டேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும் மகன்," என்றா. "அண்டைக்குக் காலையில ஒங்கட உம்மா பெரிய பாரையா ரெண்டு எடுத்தவ. வீட்டுக்கு ஆள் வருது, செம்பு வேணுமெண்டு தெரியாதா? நீங்க அழுதிருவீங்க போல இருந்தது. அதான் நம்பின மாதிரி நிண்டன்."

நாற்பது வருடமாக நான்தான் நடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பரிசு சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது.

பாக்கியக்கா தொலைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனா. "இந்தப் புள்ள நடிச்ச படம் என்ன கதை? சொல்லுங்க."

சொன்னேன். என்னால் முடிந்தமட்டும் எழுந்து நின்று, மழையும் மாமியாருமாக நடித்துச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "இடைவேளை அக்கா, மிச்சம் நாளைக்கு," என்றேன். பாக்கியக்கா சிரித்தா. "ஒம்பது மணிக்கு வந்திரணும். பாரையும் கொண்டாங்க."

வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபோதுதான் நினைவு வந்தது. அந்தப் படத்தின் இரண்டாம் பாதியை நான் இன்னும் பார்க்கவேயில்லை.