பத்து நாள் நாய்க் காவல்

குட்டி போட்ட நாயிடம் நேராகப் போகக் கூடாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எட்டு வயதில் தெரிந்ததெல்லாம் புத்தியில் நிற்குமா என்ன?

மானாம்பதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். களத்துமேட்டில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி. அதன் அடியில் தெருநாய் ஒன்று நான்கு குட்டிகளோடு படுத்திருந்தது. நான் பன்னை நீட்டிக்கொண்டு, அதன் கண்ணையே பார்த்தபடி தவழ்ந்து உள்ளே போனேன். உறுமியது. கொஞ்சுகிறது என்று நினைத்தேன், கழுதை நான். அன்றைய நடவு முடிந்து வந்துகொண்டிருந்த அம்மா ஓடிவந்து என்னை இழுத்துப் போட்டாள். கடி அவள் கெண்டைக்காலில் விழுந்தது.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். ஊசி போட்ட நர்சம்மா, "மிச்ச ஊசிய வுட்டுடாதம்மா. அந்த நாயையும் பத்து நாளு பாத்துக்கினு இரு. அதுக்கு எதனா ஆச்சுன்னா உடனே ஓடியா" என்றார். நாய்க்கு வெறி பிடித்திருந்தால், மிச்ச ஊசியை விட்டுவிட்டால் அம்மாவும் பிழைக்கமாட்டாள். அதை எனக்கு யாரும் விளக்கவில்லை.

அம்மா அந்தப் பேச்சின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். குறை சொல்லவும் மனம் வரவில்லை. பத்துப் பெண்கள் கூட்டாக ஒப்புக்கொண்டு நடும் வயல் அது. ஒருத்தி ஒருநாள் நின்றால் அவள் இடத்தில் வேறொருத்தி இறங்கிவிடுவாள். அப்புறம் நடவு முடிகிறவரை வேலை கிடையாது. "நாய் நல்லாக் கீது, எனக்கு இன்னா வரப்போவுது" என்று அடுத்த ஊசிக்குப் போகாமல் வயலுக்குப் போனாள்.

நாய்க்குக் காவல் நான். பள்ளி விட்டதும் போய்ச் சோற்றை வைத்துவிட்டு, ரொம்பத் தள்ளிப் பக்கவாட்டில் திரும்பி உட்காருவேன். இந்த முறை கண்ணைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் உறுமாமல் தின்றது.

சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள் அம்மா. "நாய் கீதாடி? தண்ணி குச்சுதா?"

"கீதும்மா. குச்சுது."

அம்மாவுக்கும் நாய்மேல் ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஏழாம் நாள் தொட்டியடி காலியாகக் கிடந்தது. குட்டிகளையும் காணோம். நான்தான் விரட்டிவிட்டேன் என்று அடிப்பாளே! அன்றும் "குச்சுதும்மா" என்றேன். "அப்பாடா" என்று சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். எட்டாம் நாளும் அதே பொய்.

ஒன்பதாம் நாள், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் வாய்க்காலில் நாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குட்டிகளை அங்கே மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். பத்தாம் நாளும் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா இன்னும் நடவுக்குப் போகிறாள். அது பொய் என்று இதுவரை அவளிடம் சொல்லவில்லை, சொல்லத் தெம்பும் இல்லை. அந்த இரண்டு சாயங்காலமும் அவள் தன் உயிர் இருக்குமா போகுமா என்றுதான் என்னிடம் கேட்டிருக்கிறாள். நானோ, முதுகில் அடி விழுமா விழாதா என்று பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.