பின் சீட்டில் படுத்துப் பார்ப்பவர்

“ரெண்டும் ஒரே கார்தான் முஸ்தாக். எஞ்சின்தான் வேற,” என்று வாப்பா தொடங்கினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் முஸ்தாக் மாமாவைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார். “சின்னது ஆயிரத்தி ஐநூறு சிசி. பெரிசு ரெண்டாயிரம். சின்னதுக்கு வரி குறைவு. இவன் பெரிசுதான் வேணுமெண்டு நிக்கிறான். நீ என்ன சொல்றாய்?”

“எங்க ஓடுறதுக்கு ஹாஜியார்?”

பதில் சொன்னது அஸ்பாக் காக்கா, என் மூத்த சகோதரர். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. வாப்பாவின் ஹாட்வெயார் கடையைப் பாதி அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “கொழும்புக்கு மாமா. மாசத்தில ரெண்டு தரம். மலையில ஏறக்குள்ள சின்ன எஞ்சின் மூச்சு வாங்கும்.”

“பதினெட்டு வளைவில ரெண்டாயிரத்த எங்க மகன் அமத்தப் போறீங்க? முன்னுக்கு ஒரு பஸ் போகும். அதுக்குப் பின்னால நீங்க போவீங்க.”

வாப்பா சிரித்தார். காக்கா சிரிக்கவில்லை. “அம்புலன்ஸ் ஓட்டின ஆளுக்கு இந்தக் கார் விளங்காது மாமா.”

“ஓம் மகன். என்ட வண்டியில ஒருத்தரும் விருப்பத்தோட ஏறல்ல.”

வாப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாமாவே சொன்னார்: “நஸீமிட்டச் சொல்லி ரெண்டையும் கொண்டு வரச் சொல்லுங்க. மகன் ஓட்டட்டும். நான் பின்னால படுத்துக்கிறன்.” என் பக்கம் திரும்பினார். “புள்ளையும் வரட்டும். அந்தக் கார்ட திரையில இங்கிலீசில என்னென்னமோ விழும். வாசிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும்.”

அப்படித்தான் நான் அந்தக் காரில் ஏறினேன்.

முஸ்தாக் மாமா கல்முனைக்குடிக்காரர். இருபத்தாறு வருடங்கள் அம்புலன்ஸ் ஓட்டியவர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருநாள், உதவியாளரை ஓட்டச் சொல்லிவிட்டு அவரே பின்னால் போய் ஸ்ட்ரெச்சரில் படுத்தாராம். ஒவ்வொரு குழியும் நோயாளிக்கு, ஊர்ப் பேச்சில் வருத்தக்காரருக்கு, என்ன செய்கிறது என்று பார்க்க. அதன்பிறகு எந்த வாகனத்தையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். ஊரில் யார் வான் வாங்கினாலும், முச்சக்கரவண்டி வாங்கினாலும், மாமாவைப் பின் சீட்டில் படுக்க வைத்து ஒரு சுற்றுப் போய்வருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். இறங்கியதும் “எடுங்க” என்பார், அல்லது “வேணாம்” என்பார். அதற்கு ஒரு தேத்தண்ணி மட்டும் குடிப்பார். ஓய்வு பெற்றபின் அவருக்கு இருந்த மரியாதை அதுதான். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடும்போதே இரண்டு பேர் அவருக்காகக் காத்திருப்பார்கள். வண்டியில் இல்லாத குறையை அவர் சொன்னார் என்றோ, இருந்த குறையை மறைத்தார் என்றோ எவரும் சொன்னதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பிற்பகல் அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். நஸீம் வாகனத் தரகர். இரண்டு கார்களையும் எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு வாப்பாவோடு இருந்துகொண்டார். வெள்ளைக் காரில் சின்ன எஞ்சின், கறுப்பில் பெரியது. வெளியே பார்த்தால் பின்னால் ஒட்டியிருந்த இலக்கம் மட்டும்தான் வித்தியாசம்.

வெள்ளைக் காரில் நிந்தவூர் வரை போய்த் திரும்பினோம். காக்கா வேண்டாவெறுப்பாக ஓட்டினார். திரையில் விழுந்ததையெல்லாம் நான் வாசித்தேன். மாமா பின்னால் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். “நல்லா இரிக்கி,” என்றார்.

கறுப்புக் காரில் காக்காவின் முகமே மாறிவிட்டது. நிந்தவூரைத் தாண்டியதும் தெரு நேராகிறது. இரண்டு பக்கமும் வயல். அறுவடைக் காலம். ஒரு பொத்தானை அமத்தினார். திரை சிவப்பாக மாறியது. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

“எத்தன புள்ள?” என்று பின்னாலிருந்து மாமா கேட்டார்.

திரையில் வேகம் நூற்று நாற்பத்தாறு. நான் காக்காவைப் பார்த்தேன். அவர் தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல், இல்லை என்பதுபோலத் தலையை லேசாக ஆட்டினார்.

“எண்பது மாமா,” என்றேன்.

“எண்பதா?”

நான் திரும்பவும் வாய் திறக்குமுன் களியோடைப் பாலத்துக்கு இப்பால், வயலுக்குள்ளிருந்து ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், நெல் மூட்டை ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் ஏறியது. மூட்டைகளின் மேல் ஒரு பெண் இருந்தாள். அவள் எங்களைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அவள் வாய் திறந்ததும் தெரிந்தது. காக்கா பிரேக்கில் ஏறி நின்றார். பெல்ட் என் தோளை அறுத்தது. பின்னால் ஏதோ பொத்தென்று விழுந்தது.

கார் நின்றபோது அந்தப் பெட்டியின் பின் பலகையில் எழுதியிருந்த பெயரை என்னால் வாசிக்க முடிந்தது. அவ்வளவு கிட்ட.

லேண்ட்மாஸ்டரை ஓட்டி வந்தவர் இறங்கி வந்தார். மூட்டை மேலிருந்தவள் அவருக்கு முன்னே கத்தத் தொடங்கிவிட்டாள். “கண் தெரியாதா? அக்கரைப்பத்து ஆஸ்பத்திரிக்குப் போக இவ்வளவு அவசரமா உனக்கு?” அப்போதுதான் பின் சீட்டின் கீழிருந்து மாமா மெல்ல எழும்பினார். நெற்றியில் இரத்தம். அவள் அதைக் கண்டதும் குரல் மாறிவிட்டது. “ஐயோ, வருத்தக்காரன்! உள்ளுக்க வருத்தக்காரன் படுத்திரிக்கார்! இஞ்சாருங்க, வழிய விடுங்க!” அந்த மனிதர் ஓடிப்போய் லேண்ட்மாஸ்டரை ஓரத்துக்கு இழுத்தார். “போங்க தம்பி, கெதியாப் போங்க,” என்று கையைக் காட்டினார்.

காக்கா நகரவில்லை.

“போங்க மகன்,” என்றார் மாமா. “வழி விட்டிட்டாங்கதானே.”

திரும்பி வரும்போது சாய்ந்தமருதுக் கிட்ட காக்கா கேட்டார்: “மாமா, வாப்பாட்டச் சொல்லுவீங்களா?” நான் திரும்பிப் பார்த்தேன். மாமா மீண்டும் படுத்திருந்தார், கைலேஞ்சியை நெற்றியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு.

வாசலில் வாப்பாவும் நஸீமும் நின்றார்கள். “நெத்தியில என்ன?” என்றார் வாப்பா.

“இறங்கக்குள்ள அடிபட்டுது.” மாமா கைலேஞ்சியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “சின்னத எடுங்க ஹாஜியார். பெரிசில ஒரு சத்தம் இரிக்கி.”

நஸீம் ஒரு கணம் திகைத்தார். “என்ன சத்தம்? மாமா, அது புதுக் கார்! எங்க வருது சத்தம்?”

“உள்ளுக்க.”

“உள்ளுக்க எண்டா? கியரிலயா, எஞ்சினிலயா?”

“படுத்துக் கேட்டாத்தான் கேக்கும்.”

“ஒரு சத்தமும் இல்ல வாப்பா!” என்று காக்கா பாய்ந்தார்.

மாமா அவரைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. “ஒங்களுக்குக் கேக்கல்லயா மகன்? பாலத்துக்கு இங்கால, அந்த லேண்ட்மாஸ்டர்ட பக்கத்தில?”

காக்கா கையிலிருந்த சாவியை நஸீமிடம் நீட்டினார். வாப்பா என்னைப் பார்த்தார். “உனக்குக் கேட்டதா?” நான் பேசவில்லை. எங்கள் வீட்டில் நான் பேசாமல் நின்றால் அது ஓம் என்றுதான் எடுக்கப்படும்.

வெள்ளைக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது.

நஸீம் அதை விடவில்லை. கறுப்புக் காரைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கணினியோடு இணைத்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. சம்மாந்துறையில் ஒரு டொக்டர் அதை வாங்கி இன்றும் ஓடுகிறார். “முஸ்தாக் மாமாட காது போயிட்டு,” என்று நஸீம் கடை கடையாகச் சொன்னார். அவருடைய கோபம் நியாயமானது. மாமா வேண்டுமென்றே சொன்ன பொய் அது என்று அவருக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. இரண்டு மூன்று மாதங்களில் ஜும்ஆ முடிந்து மாமாவுக்காக நிற்பவர்கள் இல்லாமல் போனார்கள். “மாமா, பள்ளிப் பாங்கு கேட்டதா?” என்று சந்தியில் நின்று பெடியன்கள் கேலியாகக் கத்துவார்கள். அவர் கையை உயர்த்திவிட்டுப் போவார். ஒருமுறை அதைக் காக்காவும் காரில் இருந்து கேட்டார். கண்ணாடியை உயர்த்தினார்.

அதற்குப் பிறகுதான் நான் மாமாவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி ஸாலிஹா மாமி தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனதும், மூன்று மாதமாக மனதுக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“நான் வாப்பாட்ட எல்லாம் சொல்லப் போறன் மாமா. நஸீம் நானாட்டயும்.”

“சொல்றதெண்டாச் சொல்லு.”

“அண்டைக்கே நீங்க உண்மையச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா உன்ட வாப்பா சாவியப் பறிச்சு வெச்சிருப்பாரு. உன்ட காக்கா இன்னொருத்தன்ட வண்டிய வாங்கிக்கிட்டு ஓடியிருப்பான். வீம்புக்கு இன்னும் ஓடியிருப்பான்.” நெற்றியில் அந்தத் தழும்பைத் தடவினார். “இப்ப ஊர் என்னப் பாத்துச் சிரிக்கி. சத்தம் இல்லெண்டு அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு சிரிப்பும் அவனுக்குள்ள போய் விழும். அது போதுமோ தெரியா. சின்ன எஞ்சினாலயும் ஆள அடிக்கலாம்.”

மாமி தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார். மாமா கோப்பையைத் தொடவில்லை.

“புள்ள, எனக்கு ஒரு வேல செய்து தா,” என்றார். “அடுத்த முற உன்ட காக்கா ஓட்டக்குள்ள, தலையிடி எண்டு சொல்லிப்போட்டு நீ பின் சீட்டில படு. கண்ண மூடிக்க. திரையப் பாக்காத. எப்பிடி ஓட்டுறான் எண்டு எனக்கு வந்து சொல்லு.”