கஞ்சியும் கிராஃபீனும்

மல்லாங்கிணறு பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், பள்ளம் வரும்போதெல்லாம் மடியிலிருந்த டப்பாவைத் தூக்கிப் பிடித்தார்.

"முட்டையாம்மா?"

"பேட்டரிண்ணே."

அதிலுள்ள சிலிக்கான் சார்ஜ் ஏறினால் உப்பி, இறங்கினால் சுருங்கி, நொறுங்குகிறதாம். பென்சில் கரியை ஒற்றை அடுக்காக உரித்தாற்போன்ற கிராஃபீனை அதன்மேல் பூசுகிறாராம். இந்தத் தடவையும் நொறுங்கினால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்களாம்.

நெசவுக்காரன் நான் சும்மா இருப்பேனா?

"பாவு நூலுக்குக் கஞ்சி போடுற மாதிரிதானம்மா. கெட்டியாப் போட்டா விறைச்சு அறுந்திரும். மெல்லிசாப் போடுங்க."

"மெல்லிசாத்தாண்ணே போட்டேன். கிழிஞ்சிருச்சு."

அவர் நோட்டை எடுத்தார்.

"கஞ்சிய எவ்வளவு நேரம் காய வைப்பீக?"

"நேரமெல்லாம் கிடையாதும்மா. தொட்டா விரல்ல ஒட்டக் கூடாது."

அதையும் எழுதிக்கொண்டு இறங்கிப் போனார். நெசவுக்காரன் விரலை ஆய்வகத்தில் எந்தக் கருவியால் அளந்தாரோ, தெரியவில்லை.