திமிங்கலம் பார்த்ததில் மச்சானின் பங்கு

இதை எழுத மச்சான் சம்மதித்தபோது ஒரு நிபந்தனை வைத்தான். ஆட்களின் பெயர் வரக்கூடாது, திகதியும் வரக்கூடாது. "நீங்கள் திகதி போட்டால் ஆர் எவர் எண்டு எங்கட ஆக்கள் கண்டுபிடிச்சிடுவினம், அத்தான்" என்றான். தெருமுனை மேப்பிள் மரம் முதலில் சிவந்த நாளைக்கூடக் குறித்து வைக்கிறவன் நான். திகதி இல்லாமல் எழுதுவது சட்டை போடாமல் வெளியே போவது மாதிரி இருக்கிறது. ஆனாலும் அவன் பிழைப்புச் சம்பந்தப்பட்ட விஷயம். கிழமைகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்தவன். அலுவலகம் வேறு நகரத்துக்குப் போனது, இவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஐம்பது தாண்டிய பிறகு பயண முகவர் பரீட்சை எழுதி, டோர்செட் பார்க்கில் ஒரு பயண நிறுவனத்தின் கீழ் சேர்ந்துகொண்டான். அங்கே சம்பளம் இல்லை. ஆள் பிடித்துப் பயணம் போட்டுக் கொடுத்தால் அதில் ஒரு பங்கு; அது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. அவன் சேர்த்த முதல் கூட்டம் நாங்கள்தான்: எங்கள் குடும்பம், மனைவியின் அக்கா குடும்பம், அக்காவோடு மாதா கோயிலுக்குப் போகிற சில குடும்பங்கள். வன்கூவரில் ஏறி அலாஸ்கா போய்த் திரும்பும் கப்பல். இந்தக் கூட்டம் திருப்தியாக வீடு திரும்பி நாலு பேருக்குச் சொன்னால் அவனுக்குத் தொழில் உண்டு. இல்லாவிட்டால் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போவதாக மனைவியிடம் சொல்லியிருந்தான். அவனுக்கு முதுகில் ஏற்கெனவே ஒரு சத்திரசிகிச்சை நடந்திருந்தது.

புறப்படுவதற்கு முன் ஒரு ஞாயிறு, அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்மேசைகளில் எல்லோரையும் இருத்தி விளக்கம் சொன்னான். கப்பல் துறைமுகத்தில் நிற்கிற பகலில் கரையில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பதற்குக் கப்பலே பயணங்கள் விற்கும். பனிமலை, திமிங்கலம், பழைய ரயில் என்று.

"உதுகளைக் கப்பலில வாங்காதேங்கோ" என்றான் மச்சான். "கப்பல்காரன் தன்ர பங்கை மேல வச்சுத்தான் விக்கிறவன். அதே போட், அதே திமிங்கலம். நான் வெளியில போட்டுத் தாறன்."

"திமிங்கலம் உன்னைக் கண்டா விலை குறைக்குமோ?" என்று கேட்டார் சகலன், அக்காவின் கணவர். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எதையும் நக்கலாகத்தான் கேட்பார்.

"எனக்குக் குறைக்கும், அண்ணை. உங்களைக் கண்டா தண்ணிக்குள்ள தாண்டு போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் அவனிடமே பதிந்தார்கள். கூட்டம் கலைந்தபோது அக்கா பெருமையாகச் சொன்னார்: "பார், எங்களுக்காக எவ்வளவு ஓடித் திரியிறான்." அந்த வார்த்தை அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கப்பல் புறப்பட்டு, ஒரு செவ்வாய் பின்னேரம் அரங்கில் துறைமுகங்களைப் பற்றிய விளக்கம் நடந்தது. ஒரு பெண் மேடையில் நின்று, எந்தக் கடையில் கல் வைத்த மோதிரம் வாங்கலாம், எந்தக் கடையில் காசில்லாமல் சங்கிலியில் கோக்கும் ஒரு பென்டன்ட் தருவார்கள் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனார். பிறகு குரல் மாறாமலே ஒரு வசனம் சொன்னார். நான் இங்கே குறிப்பிடும் கடைகள், இந்த விளக்கத்தில் இடம்பெறுவதற்காகப் பணம் கொடுத்திருக்கின்றன. அவ்வளவுதான். அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கொடுத்த வரைபடத்தைப் பார்த்தேன். அதிலும் அதே வசனம், மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக, வேறு நிறத்தில் இருந்தது. சில வருடங்களுக்கு முன் கரீபியன் போன கப்பலிலும் இதே மாதிரி ஒரு விளக்கம் கேட்டிருக்கிறேன். அந்த வரைபடமும் வீட்டில் இருக்கிறது. மகளுக்குச் செய்தி போட்டு அதைத் தேடிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் "அப்பா, விடுமுறை எடுங்கோ" என்ற பொருளில் எதையோ எழுதிவிட்டு, படத்தையும் அனுப்பினாள். அதில் கடைகள் இருந்தன, சிபாரிசுக் கடைகளைக் குறிக்கும் சிவப்பு நட்சத்திரங்கள் இருந்தன. பணம் கொடுத்தார்கள் என்ற வசனத்தைக் காணவில்லை.

கடல் ஒன்றுதான், வியாபாரமும் ஒன்றுதான். பிறகு ஏன் இங்கே மட்டும்? கப்பலின் மெதுவான இணையத்தில் அன்றைய பின்னேரம் முழுவதையும் இதற்கே செலவழித்தேன். 2006இல் அலாஸ்கா மாநில மக்கள் வாக்களித்துக் கப்பல்களுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வரி, கழிவுநீர் என்று பெரிய விஷயங்கள் அதில் பல. அவற்றுக்கு நடுவில் இதுவும்: கரையில் உள்ள ஒரு வியாபாரத்தைக் கப்பலில் புகழ்வதற்குப் பணம் கைமாறியிருந்தால், அதை வாயாலும் சொல்ல வேண்டும், எழுத்திலும் காட்ட வேண்டும். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள்: பதினான்கு புள்ளிக்குக் குறையக்கூடாது. நான் வாசித்து விளங்கிய அளவில், எத்தனை சதவீதம் என்று சொல்லத் தேவையில்லை. பணம் வாங்கினோம் என்பதைச் சொன்னால் போதும்.

எழுத்தின் அளவைச் சட்டத்தில் எழுதியவருக்கு நிச்சயம் எங்கள் ஊர் வியாபாரிகளைத் தெரிந்திருக்கும் என்று மனைவியிடம் சொன்னேன். அவர் கம்பளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "திமிங்கலம் பாக்க வந்தனீங்களோ, சட்டம் பாக்க வந்தனீங்களோ?" என்றார்.

மறுநாள் புதன். மழைத் தூறலில் திமிங்கலம் பார்க்கப் போனோம். படகு கரையில் காத்திருந்தது. கப்பலில் வாங்கியவர்களும் எங்களோடு அதே படகில் ஏறினார்கள். மச்சான் சொன்னது பொய்யில்லை. முதுகு தெரிந்தது, பிறகு வால் தெரிந்தது. கோயில் அன்ரி ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். சகலன் படகின் விளிம்பைப் பிடித்தபடி, "கப்பல்காரனுக்குக் கொடுக்காத காசுக்கு இன்னொருக்கா வாலைக் காட்டச் சொல்லு" என்றார். எல்லோருக்கும் சந்தோசம், மச்சானுக்கு முகம் மலர்ந்திருந்தது.

வியாழன் காலை, தேநீர்க் கோப்பையோடு மேல்தளத்தில் அவன் தனியாக நின்றான். எனக்கு மனதில் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தத் திமிங்கலப் படகை நீ எதுக்குள்ளால பதிஞ்சனி?"

"வெளிக் கொம்பனி ஒண்டு, அத்தான். ஏஜென்ற்மாருக்கெண்டே வச்சிருக்கினம்."

"அவங்கள் உனக்கு ஏதும் தருவாங்களோ?"

அவன் கடலைப் பார்த்தான். "ஓம். தருவினம்."

"கப்பல்காரன் வைக்கிற பங்கு மாதிரி?"

"அவ்வளவு வராது. ஆனா வரும்." கோப்பையைக் கம்பியின் மேல் வைத்து, "ஒருத்தரும் கேக்கேல்லையே, அத்தான்" என்றான்.

அது உண்மை. எங்கள் ஆட்கள் வெளியாளிடம் துருவித் துருவிக் கேட்பார்கள்: உனக்கு இதில் எவ்வளவு, உன் முதலாளிக்கு எவ்வளவு. சொந்தக்காரனிடம் கேட்கமாட்டார்கள். கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய் இரகசியமாக இணையத்தில் விலை பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். மச்சான் சொன்ன விலை சரியாகத்தான் இருந்தது. விலை சரியென்றால் பங்கு இல்லை என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம். அவன் எங்களுக்காகச் சும்மா ஓடித் திரிகிறான் என்ற கதை அப்படித்தான் பிறந்தது. அவன் அந்தக் கதையைச் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அந்தக் கதை வெள்ளிக்கிழமை இராச்சாப்பாட்டு மேசைக்கு ஒரு வெள்ளை என்வலப்பாக வந்து சேர்ந்தது. கலியாண வீட்டில் கொடுப்பது மாதிரி. அக்கா எல்லாக் குடும்பத்திடமும் சேர்த்திருக்கிறார், என் மனைவியும் எனக்குச் சொல்லாமல் கொடுத்திருக்கிறார். இனிப்பு வந்த பிறகு அக்கா எழும்பி அதை மச்சானுக்கு முன்னால் வைத்தார்.

"நீ ஒரு சதமும் எடுக்காம எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனி. வேலையும் இல்லாத நேரம். இதைப் பெற்றோல் செலவெண்டு வச்சுக்கொள்."

எல்லோரும் கை தட்டினார்கள். மச்சான் என்வலப்பைத் தொடவில்லை. என்னை ஒரு முறை பார்த்தான். நான் தண்ணீர்க் கோப்பையை எடுத்தேன். அதைச் சொல்வது என் வேலை இல்லை. வாங்கிச் சட்டைப்பையில் வைத்தால் அவனுக்கு நல்ல பெயர், வீட்டுக்குப் போனதும் நாலு குடும்பம் கூடப் பதியும். பிறகு ஒரு நாள் யாராவது வேறு முகவரிடம் கேட்டு அறிந்தால் எல்லாம் முடிந்தது.

"அக்கா, இருங்கோ" என்றான். "எனக்கு இதில பங்கு வந்தது. கப்பல் ரிக்கெற்றிலயும் வரும், திமிங்கலப் போட்டிலயும் வரும். அதுதான் என்ர தொழில்."

சகலன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப கப்பல்காரன்ர பங்கு எண்டு அண்டைக்குச் சாப்பாட்டுக் கடையில சொன்னனி?" என்றார் சகலன். சிரிக்காமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

"அதுவும் உண்மை, அண்ணை. அவையிட்ட விலை கூடத்தான். ஆனா என்ரையையும் சொல்லியிருக்க வேணும்."

"அந்த மேடையில நிண்ட பிள்ளை சொல்லிப்போட்டு வித்தது. நீ வித்துப்போட்டுச் சொல்றாய்."

அக்கா நின்றபடியே தம்பியைப் பார்த்தார், என்வலப்பைப் பார்த்தார். பிறகு அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துச் ஸிப்பை இழுத்து மூடினார்.

"அப்ப இது கோயில் கூரைக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "இனிப்பைச் சாப்பிடு. ஐஸ்கிறீம் உருகுது."

ரொறன்ரோ திரும்பிய பிறகு நடந்தவற்றையும் கவனித்து வந்தேன், ஏனென்றால் சட்டம் சொல்லாத பகுதி அதுதான். பங்கு உண்டு என்று ஒருவன் வாய் திறந்தால் கேட்டவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு குடும்பம், அதில் பாதியைத் தங்களுக்குத் தரும்படி கேட்டது. இன்னொரு குடும்பம், பங்கே எடுக்காத முகவர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி அவரிடம் போனது. அப்படி ஒருவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று நான் கேட்டேன். "அவர் நல்ல மனுசன்" என்பதுதான் பதில். பல வாரங்களாக மச்சானின் தொலைபேசி அடிக்கவில்லை. களஞ்சிய வேலைக்கு விண்ணப்பம் எடுத்து வந்து குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்தான் என்று மனைவி சொன்னார்.

முதலில் திரும்பி வந்தவர் யார் என்று நான் ஊகித்திருந்தால் தோற்றிருப்பேன். சகலன்தான். மகனின் குடும்பத்துக்கு மத்தியதரைக் கடல் பயணம் வேண்டும் என்று அழைத்தார். "உன்ர பங்கு எவ்வளவு எண்டும் சொல்லு" என்றாராம். மச்சான் சொன்னான். "அவ்வளவுதானோ? பாவம்" என்று சொல்லிவிட்டுப் பதிந்தாராம். அவருக்குப் பின்னால் கோயில் அன்ரிமார் இரண்டு பேர் வந்தார்கள். பெரிய கூட்டம் இல்லை. விண்ணப்பம் இன்னும் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்கிறது. ஆனால் அதன் மேல் மின்சாரக் கட்டணமும் பிள்ளைகளின் பள்ளி அறிவித்தல்களும் வந்துவிட்டன.

போன சனி மச்சான் அழைத்தான். வசந்தகாலப் பயணத்துக்கு ஒரு விளம்பரம் செய்கிறான், அடியில் தன் பங்கைப் பற்றி ஒரு வரி வைக்கிறான்.

"அத்தான், உந்தச் சட்டத்தில எழுத்து எவ்வளவு பெரிசு எண்டனீங்கள்?"

"பதினாலு. ஆனா அது அலாஸ்காவில. உனக்கு இங்க அந்தச் சட்டம் இல்லை."

"தெரியும்" என்றான். "பதினெட்டில போடுறன். அண்ணைக்குக் கண் பத்தாது."

பிறகு, நிறம் எது போடலாம் என்று கேட்டான்.