எதிராளி வீட்டு மாப்பிள்ளை

விரல் முட்டியால் இரண்டு தட்டு. கொஞ்சம் காத்திருப்பு. அதன் பிறகுதான் மாப்பிள்ளை தன் அறைக்குள் நுழைகிறார். உள்ளே யாரும் இல்லை. இருக்கவும் வழியில்லை, சாவி அவர் சட்டைப் பையில்தான் கிடக்கிறது.

"உங்க ரூமை நீங்களே எதுக்குத் தட்டுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ரூம் நம்மளோடதுதான். உள்ள இருக்கிறது அடுத்தவங்க வீடாச்சே. சொல்லாம நுழையலாமா?"

எங்கள் நிறுவனம் கணினியும் செய்கிறது, அதில் ஓடும் மென்பொருளும் செய்கிறது. கட்டடப் பொறியாளர்கள் வரைபடம் போடுவதற்கான மென்பொருள்தான் எங்களுக்குச் சோறு போடுவது. அதையே போட்டி நிறுவனத்தின் கணினியிலும் ஓடும்படி செய்து கொடுப்பது இவர் வேலை. அந்தப் போட்டியாளரின் கணினிகள் எங்கள் கட்டடத்தில் இந்த ஓர் அறையில் மட்டும்தான் உண்டு. சம்பளம் இங்கே, குடித்தனம் அங்கே என்பதால் 'வீட்டோட மாப்பிள்ளை' ஆனவர், நாளடைவில் வெறும் மாப்பிள்ளையாக நிலைத்துவிட்டார்.

மெலிந்த ஆள். நரைத்த மீசை. எங்களோடு சாப்பிடும்போது வாய் ஓயாமல் கிண்டலடிப்பார். அந்த அறைக்குள் போனதும் குரல் தானாக இறங்கிவிடும். இந்தத் தட்டும் பழக்கம் அவர் வீடு வரைக்கும் போய்விட்டது. "பாத்ரூம் கதவைத் தட்டினா சரின்னு விடலாம். பீரோவைத் தட்டிட்டுத் திறக்கிறவரை நான் என்ன செய்யிறது?" என்று அவர் மனைவி என்னிடமே அலுத்துக்கொண்டார்.

போட்டியாளனின் கணினிக்கு நாமே ஏன் சரக்கு செய்து கொடுக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். நானும் கேட்டவன்தான்.

"பொறியாளருங்க பாதிப் பேர் அங்கதான குடியிருக்காங்க. நாம போகலைன்னா வேற எவனாவது போவான். அவங்க கை அவனுக்குப் பழகிடும். அப்புறம் நம்ம கணினியைச் சும்மா குடுத்தாலும் சீந்த மாட்டாங்க."

"சரி, அவங்க ஏன் நம்மள உள்ள விடுறாங்க?"

"நம்ம மென்பொருள் அங்க படுத்துதுன்னா ஜனங்க நம்மளையா திட்டுவாங்க? அவங்க மெஷினைத்தான். அதனால நம்மளை விழ விட மாட்டாங்க" என்றவர், கதவைச் சாத்திவிட்டு வந்து ஒன்று காட்டினார்.

எங்கள் மென்பொருளை ஓட விட்டார். ஒழுங்காக ஓடியது. பிறகு அதன் பெயரை மட்டும் ஏதோ ஒரு பெயராக மாற்றி ஓடவிட்டார். திறந்த வேகத்தில் தானாக மூடிக்கொண்டு விழுந்தது. பழைய பெயரைத் திருப்பி வைத்தார். மறுபடி ஓடியது.

"உள்ள நான் செஞ்ச பழைய தப்பு ஒண்ணு இருக்கு. அந்தப் பக்கம் யாரோ அதைக் கண்டுபிடிச்சு, அவங்க சிஸ்டம் நம்ம மென்பொருள் பேரைப் பாத்தா மட்டும் கையைக் குடுத்துத் தாங்குற மாதிரி எழுதி வச்சிருக்காங்க. யாருன்னு தெரியாது. கேட்டா அப்படி ஒண்ணே இல்லைம்பாங்க."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பயத்தோடு ஒரு பாசமும் இருந்தது. எனக்குப் பயம் மட்டும்தான் வந்தது.

கொஞ்ச நாளில் ஒரு சோதனை வந்தது. வளைந்த படிக்கட்டு வரையும் புதிய கருவி ஒன்றை மாப்பிள்ளை எழுதிக்கொண்டிருந்தார். படி வளையத் தொடங்கியதும் மென்பொருள் விழுந்துவிடும். என்ன முட்டிப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. செலவைக் குறைக்கக் காத்திருந்த மேலாளர், "அவங்க புது சிஸ்டம் வந்ததும் அதுல ஓட்டிக் காட்டுங்க. ஓடலைன்னா இந்த ரூமைப் பூட்டிடலாம்" என்று சொல்லிவிட்டார். பூட்டினால் மாப்பிள்ளைக்கு வேலை இல்லை. இந்த வயதில் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுக்க வெளியே யாரும் காத்திருக்கவில்லை.

போட்டியாளரின் புது இயங்குதளம் வந்தது. மேலாளர் வந்து நின்றார். பிழை அப்படியேதான் இருக்கிறது என்பது எனக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியும். அவர் படிக்கட்டை இழுத்தார். படிகள் ஒவ்வொன்றாக வளைந்து மேலே ஏறின. விழவில்லை.

"பரவாயில்லையே, சரிபண்ணிட்டீங்க" என்று மேலாளர் தோளில் தட்டிவிட்டுப் போனார். அறை பிழைத்தது. நான் கைகொடுக்கப் போனேன். மாப்பிள்ளை கையை நீட்டவில்லை.

மென்பொருளின் பெயரை மாற்றினார். படிக்கட்டை இழுத்தார். விழுந்தது. பெயரைத் திருப்பி வைத்தார். படிகள் வளைந்து ஏறின.

"நான் எதையும் சரிபண்ணலை."

"அந்தப் பழைய தப்பு மாதிரி இதையும் அவங்கதான் பாத்துச் செஞ்சிருப்பாங்க."

"எதைப் பாத்து? இது இன்னும் வெளியவே போகலையே. இந்த மேஜையைத் தாண்டலை."

"விழும்போதெல்லாம் அறிக்கை அனுப்பவான்னு மெஷின் கேக்குமே..."

"கேக்கும். ஒருதரம்கூட நான் சரின்னு அழுத்தினதில்லை."

கணினி விசிறியின் சத்தத்தைத் தவிர அறையில் வேறு சத்தமில்லை.

மாப்பிள்ளை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். குனிந்து, திரையின் கண்ணாடியை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினார். பிறகு காதை அதன் பக்கம் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார்.