மூன்று அள்ளும் ஒன்பது அள்ளும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எழுத நினைத்தாலே முதலில் ஞாபகம் வருவது உள்ளங்கை அரிப்புதான். புது நெல்லை அளைந்த கையில் ஏறுகிற அந்தச் "சுணை", வியர்வை பட்டதும் முழங்கை வரைக்கும் ஊறும். அதை எழுதிவிடலாம். அதற்குப் பின்னால் என் அப்பாவின் பெயர் இருக்கிறது, தயக்கம் அதில்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஒன்று கிடக்க ஒன்று எழுதி அவருக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாதே என்று பயம். பிள்ளையாரை வேண்டிக்கொண்டு இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

பூதலூர் பக்கத்தில் எங்களுக்கு ஐந்து மா, ஒன்றரை ஏக்கர் சொச்சம், குத்தகை நிலம். தை கடைசியில் சம்பா அறுப்பு. கட்டுகளை அடித்து, காற்று பார்த்துத் தூற்றி, நெல்லைக் குவித்தால் அதற்குப் "பொலி" என்று பெயர். பொலியின் உச்சியில் சாணிப் பிள்ளையாரை வைத்து, அருகம்புல் செருகி, சூடம் காட்டிய பிறகுதான் அப்பா நெல்லில் கை வைப்பார். அப்போதும் வீட்டுக்கு அளக்க மாட்டார். நிலம் இல்லாதவர்கள், உடம்பு முடியாதவர்கள், கோயிலுக்குப் பூக்கட்டுகிறவர் என்று களத்துக்கு வந்து நிற்கிற பத்துப் பன்னிரண்டு பேருக்கு, ஆளுக்கு இரண்டு கையாலும் மூன்று "அள்ளு" அள்ளிப் போட்ட பிறகுதான் மரக்காலைத் தொடுவார். "களத்துக்கு வந்தவங்களுக்கு உள்ளது" என்பார், அவ்வளவுதான்.

எனக்கு ஏழு வயதான வருஷம் ஆற்றில் தண்ணீர் பிந்தி வந்தது. கதிர் வருகிற நேரத்தில் பூச்சியும் விழுந்தது. பொலி என் இடுப்பு உயரம்கூட இல்லை. சூடம் காட்டி முடித்த அப்பா என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் பாப்பா அள்ளிக் கொடுக்கட்டும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் முதலில் வந்த ஐந்து பேருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணி எண்ணிப் போட்டேன்.

ஐந்தாவதாக வந்தது மாரியாயி அக்கா. மாட்டுவண்டிச் சக்கரம் ஏறி ஒரு கால் விளங்காமல் போனவர். நடவுக்குப் போக முடியாமல் கீரை விற்றுப் பிழைத்தார். முந்தானையில் நான் போட்ட நெல்லை ஒரு குலுக்கு குலுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒங்கப்பாரு கெட்டிக்காரரு பாப்பா. போன வருசமும் மூணு, இந்த வருசமும் மூணு. ஆனா கையை மாத்திப்புட்டாரு பாரு!"

களத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பா வைக்கோல் பிரி முறுக்கிக்கொண்டிருந்தார்; நிமிரவில்லை. எனக்கு அப்போதுதான் என் கையைப் பார்க்கத் தோன்றியது. என் அப்பா என் கையைக் காட்டி ஏமாற்றினாரா? அழுகை வந்தது. அதைவிட, அது நிஜமா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

மதியம் ஒரு கொட்டாங்கச்சியை நீட்டி, "அப்பா, இதுல ஒரு அள்ளு போடுங்க" என்றேன். விளையாட்டுக்கு என்று நினைத்தாரோ என்னவோ, போட்டார். கச்சி நிரம்பிவிட்டது. வைக்கோல் போருக்குப் பின்னால் போய் அதைக் கொட்டிவிட்டு என் கையால் அள்ளினேன். ஒன்று, இரண்டு... மூன்றாவதில்தான் நிரம்பியது. மறுபடியும் கொட்டி அளந்தேன். அப்போதும் மூன்று.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்பது அள்ளினேன். இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு மூன்றாவது ஆளுக்குக் குனிந்தபோது அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தனை அள்ளுது பாப்பா?"

"ஒன்பதுப்பா."

"யாரு சொன்னா?"

"நானே அளந்து பாத்தேன்."

அப்பா பொலியைப் பார்த்தார். அது வீட்டுக்கு அடுத்த அறுப்பு வரைக்கும் சாப்பாடு என்று எனக்கும் தெரியும். கையிலிருந்த நெல்லைப் போடுவதா, பொலியிலேயே விடுவதா என்று நான் நின்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அப்ப காலையில வந்தவங்களுக்கு?"

நான் ஒரு கூடையில் அந்த ஐந்து பேருக்கும் மீதி ஆறு ஆறு அள்ளுப் போட்டேன். அப்பா அதைத் தூக்கி என் தலையில் வைத்தார். வாய்க்கால் கரை ஓரமாக வீடு வீடாகப் போனேன். பூக்கட்டுகிறவர் "என்ன பாப்பா, மறுபடியும்?" என்றார். கடைசியாக மாரியாயி அக்கா. "அடிப் போடி, நான் சும்மா கேலிக்குச் சொன்னேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையை ஏந்தியவர், போட்டு முடித்ததும் ஒரு கைப்பிடி கீரையை எடுத்துக் கூடையில் வைத்து, "வெறுங்கூடையோட போவாத" என்றார். திரும்பி வரும்போது எதற்கென்று தெரியாமலே ஓடினேன். கை ஊறிக்கொண்டிருந்தது, சொறியத் தோன்றவில்லை. யாரும் எனக்கு ஒன்றும் கொடுக்காமலே வயிறு நிறைந்த மாதிரி அப்படி ஒரு சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அந்த வைகாசியிலேயே வீட்டில் நெல் தீர்ந்துவிட்டது. ரேஷன் கோதுமையில் கஞ்சி காய்ச்சி ஊற்றும்போதெல்லாம் அம்மா, "மகாராணிக்கு மூணு கரண்டி போதுமா, ஒன்பது வேணுமா?" என்பாள். அப்பா சிரித்துக்கொண்டே தன் தட்டை நீட்டுவார்.

கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டேன்: "அன்னைக்கு ஏம்ப்பா என்னை அள்ளச் சொன்னீங்க? நெல்லு கொறச்சலா இருந்துச்சுன்னுதானா, இல்ல நான் பழகணும்னுதானா?"

"எனக்கு இடுப்புப் பிடிப்பும்மா. குனிய முடியல" என்றார். சொல்லிவிட்டு மீசைக்குள் சிரித்தார். அது எந்தச் சிரிப்பு என்று இன்னும் விளங்கவில்லை.

இப்போது எங்கள் வயலில் மிஷின் இறங்குகிறது. காலையில் நின்ற கதிர், சாயங்காலம் டிராக்டரில் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. களம் இருந்த இடத்தில் செல்போன் டவர். மாரியாயி அக்காவின் பேத்தி வேதாரண்யத்தில் டீச்சர். யார் முன்னாலும் முந்தானை ஏந்த வேண்டியதில்லை. அது சாமி புண்ணியம், அப்படியே இருக்கட்டும். ஆனாலும் கோயில் வாசலில் என் பேத்தியின் கையில் பத்து ரூபாயை வைத்து, "அந்தத் தாத்தாவுக்குப் போடும்மா" என்கிறேன். போட்டுவிட்டு ஐஸ் கேட்கிறாள். காசும் நான் கொடுத்தது, ஆளும் நான் காட்டியது. அவளாகக் கண்டுபிடிக்க அதில் என்ன வைத்தேன் என்று யோசனையாக இருக்கிறது.

படிக்கிறவர்கள் இதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். என் அப்பாவைப் பெரிய வள்ளலாக்கிவிடாதீர்கள். கஞ்சன் என்றும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள், "அவரு ஏன் அப்படிச் செஞ்சாரு?" என்று கேட்டால், அவர் மகளுக்கே தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.